பதினேழாவது வரி

சாய்கிறது. நான் சாய்க்கவில்லை, ரிமோட் ஸ்டிக்கில் கட்டைவிரல் நடுவில்தான் இருக்கிறது, அதுவாகவே சாய்கிறது, இடது இறக்கையில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி, ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுகிறேன், முழுசாகத் தள்ளுகிறேன், போதவில்லை, இன்னும் சாய்கிறது, இறக்கை செங்குத்தாக நிற்கிறது, அடிவயிறு தெரிகிறது, ஃபிளாப், ஃபிளாப் போட்டதுக்கு அப்புறம்தானே, ஸ்விட்சைத் தட்டு, மேலே தட்டு, தட்டிவிட்டேன், எஞ்சினைக் கூட்டு, கூட்டிவிட்டேன், வா, வாடா, வா. வந்துவிட்டது. ஐம்பதடி உயரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நேராகப் போகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒன்பது கிலோ. ரெண்டு மீட்டர் இறக்கை, மூக்கில் மரம் அறுக்கிற மெஷினிலிருந்து கழற்றின பெட்ரோல் எஞ்சின், உடம்பெல்லாம் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பெயிண்ட். ஹரிக்கேன். ரெண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானத்தை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கிக் குப்புராஜ் அண்ணன் செய்தது, மூன்று வருஷம், மெடிக்கல் கடையைச் சாத்திவிட்டு வந்து தினமும் ரெண்டு மணி நேரம் பால்சா மரச் சீவலை ஒட்டி ஒட்டி. டீக்கடையில் இதை அரிக்கேன் லைட்டு என்பார்கள். "என்றா ஆச்சு?" என்கிறார் எனக்குப் பின்னால். "காத்துங்ணா," என்கிறேன். காற்று இல்லை. ரோட்டோரம் நட்டிருக்கிற கொடி எல்லாம் ஈரத்துண்டு மாதிரி தொங்குகிறது, அதைப் பார்த்துக்கொண்டுதான் அவரும் நிற்கிறார். ஏன் காத்து என்று சொன்னேன் தெரியவில்லை. வாய்க்கு வந்தது. நேற்று ராத்திரி ஷிப்மென்ட் என்று விடிய விடிய பனியன் கம்பெனியில் துணி லேயர் போட்டேன், அப்போதும் சூப்பர்வைசர் ஏண்டா கோணல் என்று கேட்டால் காத்து என்றுதான் சொன்னேன், மேலே ஃபேன் ஓடினது, அங்கே அது பொய் இல்லை. இங்கே ஃபேன் இல்லை. வெயில்தான் இருக்கிறது. பத்தே முக்கால் மணி வெயில், கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருக்கிறது, இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வழிகிறது, துடைக்க முடியாது, ரெண்டு கையும் ரிமோட்டில் இருக்கிறது, கையை எடுத்தால் ஒன்பது கிலோவும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது.

மேலே ஏற்று. உயரம் இருந்தால் யோசிக்கலாம். இருநூறு அடி, முந்நூறு அடி, வட்டம் போடு, ஒரே வட்டம், இடமிருந்து வலம், சூரியனுக்குள் போகவிடாதே. டாங்கில் பெட்ரோல் இன்னும் ஏழு நிமிஷத்துக்கு இருக்கும், ரிமோட்டில் டைமர் ஓடுகிறது, நிமிஷத்துக்கு ஒருதரம் பீப் என்னும். ஏழு நிமிஷத்தில் கண்டுபிடிக்கணும். சரி. என்ன நடந்தது. இறங்க வந்தேன், வேகத்தைக் குறைத்தேன், ஃபிளாப் போட்டேன், சாய்ந்தது. ஃபிளாப் என்றால் பெரிய விஷயம் இல்லை, இறக்கைக்குப் பின்னால் உடம்பை ஒட்டி இருக்கிற ரெண்டு பலகை, பக்கத்துக்கு ஒன்று, இறங்கும்போது கீழே மடக்கினால் விமானம் காற்றில் கால் ஊன்றின மாதிரி மெதுவாக வரும். ரெண்டும் ஒன்றாக இறங்கணும். ஒன்று இறங்கி ஒன்று இறங்காவிட்டால் இறங்காத பக்கம் கவிழும். இடது பக்கம் கவிழ்ந்தது, அப்படியென்றால் இடது ஃபிளாப் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை. ஒயர் கழன்றிருக்கலாம். இறக்கையைத் தனித்தனியாகக் கழற்றிக் காரில் கொண்டு வருகிறோம், இங்கே வந்து செருகி ஒயரை மாட்டுகிறோம், சரியாக மாட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் கீழே நிற்கும்போது ஸ்விட்சைப் போட்டேனே, ரெண்டும் அழகாக இறங்கி ஏறினதே, அண்ணன் கூடத் தலையை ஆட்டினாரே. பேட்டரியாக இருக்கலாம். பேட்டரி போயிருந்தால் எல்லாமே போயிருக்கணும். கீல் இறுகியிருக்கலாம், பசை ஒழுகி. இறுகியிருந்தால் கீழேயே தெரிந்திருக்கும். கீழே சரியாக இருந்தது மேலே ஏன் சரியில்லை. கீழே இல்லாதது மேலே என்ன இருக்கிறது. காத்து. ச்சே. மறுபடி அதே வார்த்தை. சோதித்துப் பார், இவ்வளவு உயரத்தில் பயம் இல்லை. ஸ்விட்ச் மூன்று படி, மேல், பாதி, முழுசு. பாதி போட்டேன். லேசாக இடது பக்கம் நழுவுகிறது, பிடித்துக்கொள்ள முடிகிறது. முழுசு. போச்சு, கவிழ்கிறது, ஏற்று, ஏற்று. ஏற்றிவிட்டேன். இப்போது ஒரு சத்தம் கேட்கிறது, எஞ்சின் சத்தத்துக்கு அடியில், டர்ர்ர் என்று, ஜன்னலில் ஈ மாட்டின மாதிரி. ஒரு பலகை படபடக்கிற சத்தம். அப்படியென்றால் இடது ஃபிளாப்பைப் பிடித்துக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை. காற்று தள்ளின பக்கம் போகிறது. உள்ளே இருக்கிற சர்வோ, தீப்பெட்டி அளவு மோட்டார், அதில் வெல்லத்துணுக்கு சைஸில் நாலு பல்சக்கரம், அதில் ஏதோ ஒன்றில் பல் போயிருக்கிறது. கீழே எதிர்த்துத் தள்ள ஆள் இல்லை, அதனால் தூக்கிக் காட்டியது. சும்மா நிற்கிறபோது எல்லாரும் நல்லவர்கள்தான்.

"பாத்தியா, மறுக்கா சாஞ்சுது," என்கிறார் அண்ணன். "காத்து இல்ல சாமி. என்னமோ ஆயிருக்குது." சாமி என்றுதான் கூப்பிடுவார், கடைக்கு வருகிற எல்லாப் பையனையும் சாமி என்பார், இருமல் டானிக் கேட்டாலும் சாமி. "ரேடியோ சிக்னல் விட்டு விட்டு வருதா?" என்கிறார். "தெரியலீங்ணா." இது பொய் இல்லை. கொஞ்சம் பொய். எனக்குப் பின்னால் அவர் கை நடுங்குவதைப் பார்க்காமலே சொல்ல முடியும். நாற்பது வயதில் ஆரம்பித்ததாம், மாத்திரைப் பட்டையை வெட்டும்போது கத்தரி டிக் டிக் டிக் என்று கவுண்டர் கண்ணாடியில் தட்டும். முதல் ரெண்டு விமானத்தை அவரே ஓட்டினார், ரெண்டும் ஏறின வேகத்தில் மண்ணுக்குள் போனது. அதற்கு அப்புறம் நான். "மண்டை என்னுது, கை உன்னுது," என்பார். எனக்கு எவ்வளவோ பேர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள், இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது, இதை அவரிடம் சொன்னதில்லை. அவருடைய மண்டை முழுசும் ஒரு அட்டையில் இருக்கிறது. மாத்திரை வந்த டப்பாவைக் கிழித்து வெள்ளைப் பக்கத்தில் இருபத்தொரு வரி, கறுப்பு மையில், கோணல் மாணலாக, நடுங்கின கை எழுத்து. ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவர் அதை வாசிப்பார், நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து "பாத்தாச்சு" சொல்லணும். வாசித்து முடித்ததும் அட்டையை ரிமோட் தொங்குகிற என் கழுத்துப் பட்டையில் மாட்டிவிடுவார். இப்போது கூட என் நெஞ்சில் கிடந்து வியர்வையில் ஒட்டுகிறது. ஒன்று, பேட்டரி எத்தனை வோல்ட். ரெண்டு, இறக்கை போல்ட். அஷ்ரப் இதற்கு வைத்த பேர் அண்ணன் பூசை. "டேய் மாப்ள, தேங்கா ஒடைச்சாச்சா, ஏத்தலாமா?" என்பான். அஷ்ரப் கல்யாண வீட்டுக்கு டிரோன் விட்டுப் படம் எடுக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் இங்கே வருவான், இப்போது எனக்கு வலது பக்கம் நின்றுகொண்டு சிரிக்காமல் இருக்கிறான். அவன் சிரிக்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. பீப். ஆறு நிமிஷம்.

தூங்கணும். இதை இறக்கிவிட்டுத் தூங்கணும். எங்கே இறக்குவது. இது காங்கயம் ரோட்டில் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற காடு, வீடு ஒன்று கூடக் கிடையாது, தார் ரோடு மட்டும் இருக்கிறது, இருநூறு மீட்டர், ரெண்டு பக்கமும் மஞ்சள் பெயிண்ட் அடித்த நம்பர் கல், அதுதான் எங்கள் ரன்வே, ரெண்டு வருஷமாக ஒரு நாய் கூட எங்களைக் கேட்டதில்லை. இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறார்கள். நான் விமானத்தை ஏற்றி ரெண்டு நிமிஷம் கழித்து ஒரு வேன், அதற்குப் பின்னால் இன்னொரு வேன், ரோட்டுக் கடைசியில் குடை மாதிரி விரிக்கிற சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, சைட் பார்க்க வந்த குடும்பங்கள். வெஜிடபிள் பிரியாணி இலவசம். மைக்கில் ஒருத்தன், "முப்பதடி தார் ரோடு, ஆத்துத் தண்ணி, அஞ்சு நிமிசத்துல பஸ் ஸ்டாண்டு," என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் மேலே பார்த்துவிட்டான். "பாருங்க பாருங்க, நம்ம சைட்டுக்கு ஏரோப்ளேனே வருதுங்க! இன்னும் கொஞ்ச நேரத்துல நம்ம ரோட்டுல எறங்கும், கொழந்தைங்களைக் கூட்டிட்டு முன்னாடி வாங்க!" வருகிறார்கள். கண்ணைக் கீழே இறக்கி ஒரு நொடி பார்த்தேன், ரோட்டு முனையில் வரிசையாக நிற்கிறார்கள், மஞ்சள் சேலை, ஒரு கைக்குழந்தை, தட்டோடு ஒரு தாத்தா. மேலே பார்ப்பதற்குள் விமானம் கறுப்புப் புள்ளி ஆகிவிட்டது. வருகிறதா போகிறதா. இது ஒரு எழவு, தூரத்தில் நிழல் மாதிரி தெரியும்போது மூக்கு எது வால் எது என்று தெரியாது, மண்டைக்குள் அது ரெண்டு பக்கமும் போகும். லேசாக வலது கொடு. வலது பக்கம் போனது, அப்போது போகிறது. திருப்பு. ஃபிளாப் இல்லாமல் இறங்கினால் என்ன வேகம் வரும். இருநூறு மீட்டர் போதாது. சாமியானாவுக்குள் போகும், மூக்கில் சுத்துகிற மரக் காத்தாடியோடு போகும். பாதி ஃபிளாப் போட்டு இறக்கினால். பாதியில் பிடித்துக்கொள்ள முடிகிறது, ஆனால் மெதுவாகும்போது பிடிக்குமா, பிடிக்காமல் கடைசி பத்தடியில் கவிழ்ந்தால் எந்தப் பக்கம் போகும், மஞ்சள் சேலை எந்தப் பக்கம் நின்றது. பதினொன்றாவதில் ஃபிசிக்ஸ் சார் போர்டில் இறக்கை வரைந்தார், மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், அதனால் அது வேகமாக ஓடிக் கீழே போகிற காற்றோடு ஒரே நேரத்தில் பின்னால் போய்ச் சேரும், அதனால்தான் விமானம் பறக்கிறது என்றார். "அப்ப தலைகீழா பறக்கற ப்ளேன் எப்படி சார் விழாம இருக்குது?" என்றேன். "நீ வெளிய போயி பறந்து பாத்துட்டு வந்து சொல்லு," என்றார். வகுப்பே சிரித்தது. அதற்காக நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை, எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், கேட்க நன்றாக இருக்கிறது. காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, ரெக்கார்டு நோட்டு எழுதவில்லை, போகப் போகப் போகாமல் விட்டேன், டி.சி. வாங்கின அன்று அம்மா எப்போதும் போலத் தோசை ஊற்றிக்கொடுத்தது. நான் ஒரு விஷயத்தைச் செய்யாமல் விடுவது எப்போதும் இப்படித்தான், முடிவு எடுத்து இல்லை, இன்னொரு நாள் இன்னொரு நாள் என்று. பீப். அஞ்சு.

"யுகேசு," என்கிறார் அண்ணன், குரல் ரொம்ப சாதாரணமாக இருக்கிறது, மருந்துச் சீட்டை வாசிக்கிற குரல். "ரோட்டுப் பக்கம் கொண்டு வராத. சனம் நிக்குது. வடக்கால முள்ளுக்காட்டுக்கு மேல கொண்டு போயி எஞ்சினை அணைச்சு மெதுவாப் படுக்க வெச்சுரு." "அண்ணா, மூணு வருசம்ங்ணா," என்றான் அஷ்ரப். "மூணு வருசம் எனக்குத்தானே. போனாப் போவுது. நீ போயி அந்த மைக்குக்காரனை அக்கட்டால தள்ளிப் போகச் சொல்லு, புள்ளைகளை எல்லாம் பந்தலுக்குள்ள கூப்புட்டுக்கச் சொல்லு." அஷ்ரப் ஓடுகிறான், செருப்புச் சத்தம் தாரில் பட் பட் என்று போகிறது. "சரிங்ணா," என்கிறேன். எவ்வளவு சீக்கிரம் சரி சொன்னேன். எனக்கே கேட்டது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இறக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம், போன மாசம் பக்கவாட்டுக் காற்றில் இதே ரோட்டில் இறக்கினவன்தானே நான். சொல்லவில்லை. ஏனென்றால் சரி என்று சொன்ன நொடியே உள்ளே ஒன்று குளிர்ந்தது, வெயிலில் இருந்து நிழலுக்குப் போன மாதிரி. முள்ளுக்காட்டில் விழுந்தால் உடையும். உடைந்தால் பல்சக்கரமும் உடையும். உடைந்த பல்லில் எது முதலில் உடைந்தது என்று எவனுக்குத் தெரியும். டிக். போன ஞாயிற்றுக்கிழமை. சரி, அதை நினைத்துவிட்டேன், இனிமேல் நிறுத்த முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை இறங்கினதும் ஃபிளாப்பை மேலே ஏற்றாமலே பேட்டரியை அணைத்துவிட்டேன். இறக்கையைக் காரின் பின் சீட்டில் வைக்க வேண்டும், ஃபிளாப் தொங்கிக்கொண்டு கதவில் இடிக்கிறது. மறுபடி பேட்டரியை மாட்டி, ரிமோட்டைப் போட்டு, ஏற்றிவிட்டு, அணைக்கணும். ரெண்டு நிமிஷ வேலை. நான் உள்ளங்கையை வைத்து ஃபிளாப்பை மேலே தள்ளினேன். கையால் தள்ளக் கூடாது, அது எங்கள் வேலையில் ஒண்ணாங்கிளாஸ் பாடம், மோட்டாரை எதிர்த்துத் தள்ளினால் பல் போய்விடும். டிக் என்றது. ரொம்பச் சின்னச் சத்தம், விரல் சொடுக்கின மாதிரி. அண்ணன் கார் டிக்கியில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தினேன். வாரம் முழுசும் அந்தச் சத்தம் எனக்கு ஞாபகமே வரவில்லை. இது பொய். துணி வெட்டுகிற மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது ரெண்டு தடவை வந்தது.

வடக்கே திருப்பு. முள்ளுக்காடு கண்ணுக்கு எட்டின வரைக்கும் சாம்பல் பச்சையாக இருக்கிறது, ஆள் கிடையாது, ஆடு மேய்க்கிற பொம்பளை இருந்தால் காலையிலேயே சத்தம் கேட்டிருக்கும், ஒருதரம் வட்டம் போட்டுப் பார்த்துவிட்டேன், யாரும் இல்லை. மைக் நின்றுவிட்டது. பின்னால் குழந்தைகள் ஏமாந்து கத்துகிற சத்தம் கேட்கிறது. எஞ்சினை அணைத்தேன். இவ்வளவு நேரம் காதுக்குள் இருந்த சத்தம் போனதும் காது வலிக்கிறது, டர்ர்ர் மட்டும் கேட்கிறது, மெல்ல மெல்ல அதுவும் நின்று போகிறது, வேகம் குறையக் குறைய இடது ஃபிளாப் தானாகத் தொங்க ஆரம்பிக்கிறது, இப்போது வலது பக்கம் சாயப் பார்க்கிறது, பிடிக்கிறேன். ரெண்டு வழி இருக்கிறது. மெதுவாக வந்து மரத்து உச்சியில் வயிற்றை வைத்துப் படுக்க வைக்கலாம். இல்லை, மூக்கைக் கீழே தள்ளிவிடலாம், ஒரு நொடிதான், கட்டைவிரலை அரை அங்குலம் முன்னால் தள்ளினால் போதும், ஒன்பது கிலோ நேராக மண்ணுக்குள் போகும், இறக்கை சீப்புச் சீப்பாகக் கிழியும், சர்வோ எங்கே போனது என்று தேடினால் கூடக் கிடைக்காது. அண்ணன் சொன்னதைத்தான் செய்தேன். முள்ளுக்காட்டில் போடச் சொன்னார், போட்டேன். இடது பக்கம் இழுத்தது, பிடிக்க முடியவில்லை. யார் என்ன கேட்க முடியும். தள்ளு. யோசித்தபடியே கட்டைவிரலைத் தள்ளினேன், மூக்கு இறங்கியது, விமானம் வேகம் எடுத்தது, பச்சையும் பழுப்புமான முதுகு வெயிலில் ஒருதரம் மின்னியது, அந்தத் திட்டு ஒவ்வொன்றையும் அவர் நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அடித்தார், ஓரம் எல்லாம் பல் பல்லாக வந்தது, காடு மாதிரி இருக்கட்டும் விடு என்றார். மரம் பெரிசாகிறது. கை இழுத்துவிட்டது. நான் இழுக்கவில்லை, மண்டை தள்ளு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, கை இழுத்தது, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தரைக்குப் பத்தடி மேலே செய்த அதே இழுப்பு, பஞ்சு மாதிரி, மூக்கு நிமிர்ந்தது, வேகம் செத்தது, ஹரிக்கேன் முள்மரத்து உச்சியில் வயிற்றை வைத்து உட்கார்ந்தது, கர்ரக் என்று ஒரு நீளமான சத்தம், அப்புறம் காக்கா கத்தியது.

"படுக்க வெச்சுட்டான்!" என்று அண்ணன் கத்தினார், யாரைப் பார்த்துக் கத்தினார் தெரியவில்லை, அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். நான் ஓடினேன். முள் கையில் கிழித்தது, பேண்டில் மாட்டியது, ஒரு முள் செருப்பைத் துளைத்து உள்ளே வந்தது, நிற்கவில்லை. அவர் முன்னால் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் மண்டையில் இருந்தது. "பேட்டரியை மட்டும் கழட்டு சாமி, வேற எதையும் தொடாத, நான் வந்து பாக்கறேன்!" பின்னால் குரல் வருகிறது, அவர் வேட்டியை மடித்துக்கொண்டு முள்ளை விலக்கி விலக்கி வருகிறார், அவர் வேகத்துக்கு ரெண்டு மூன்று நிமிஷம் ஆகும். உச்சியில் உட்கார்ந்தது கிளை ஒடிந்து மரத்துக்குக் கீழே கிடந்தது. மூக்கு உடைந்து எஞ்சின் தனியாகத் தொங்குகிறது, வால் மடங்கிவிட்டது, வலது இறக்கை நடுவில் முறிந்து எலும்பு மாதிரி வெள்ளை மரம் தெரிகிறது. இடது இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல் கூட இல்லை. புல் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு அடிப்பக்கத்தைக் காட்டுகிறது, ஃபிளாப் லேசாகத் திறந்து கிடக்கிறது, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவன் மாதிரி. எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வருகிற மாதிரி இருந்தது, ரெண்டும் வரவில்லை, அவ்வளவு களைப்பு. பேட்டரியைக் கழற்றவில்லை. வலது ஃபிளாப்பைக் கட்டைவிரலால் அமுக்கினேன், உடைந்த இறக்கையில் இருந்துகொண்டே அது அசையவில்லை, உள்ளே மோட்டார் ம்ம்ம் என்று முனகி விரலை எதிர்த்தது. இடதை அமுக்கினேன். போனது. டிக் டிக் டிக் என்று உள்ளே எதுவோ வழுக்க, ஆடுகிற பல் மாதிரி முன்னால் போய்ப் பின்னால் வந்தது. ஒரு விரல். ஒரு நொடி. செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தால் இந்த இறக்கையும் வலது மாதிரி ஆகிவிடும், பால்சா மரம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும், மரத்திலிருந்து விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். காலைத் தூக்கினேன். தூக்கினேன் என்பதை ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. உள்ளங்காலில் மாட்டின முள் வலித்தது, கீழே வைத்தேன், மண்ணில் வைத்தேன். முள் ஒடிகிற சத்தம் கிட்டே வருகிறது.

வந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, புறங்கையில் ரத்தக்கோடு, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. விமானத்தை ஒரு நொடிதான் பார்த்தார், என்னைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் இல்லையே? கால்ல ரத்தம்." "முள்ளுங்ணா." "ரேடியோதாண்டா," என்றார். "எனக்கு நேத்தே ஒரு சந்தேகம், ஆன்டெனா ஒயரு எஞ்சின் கிட்ட இருக்குதேன்னு. மாத்தியிருக்கோணும். எம்மேலதான் தப்பு. நீ என்ன பண்ணுவ, கை நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில இழுத்தியே ஒரு இழுப்பு!" நடுங்குகிற கையை என் தோளில் வைத்தார், தோளும் சேர்ந்து நடுங்கியது, யாருடைய நடுக்கம் தெரியவில்லை. இதோ, கதவு திறந்திருக்கிறது, போய்விடலாம். ஆமாங்ணா, ரேடியோதாங்ணா, அவ்வளவுதான் சொல்லணும், அடுத்த வாரத்திலிருந்து அவர் இருபத்திரண்டாவது வரியாக ஆன்டெனா ஒயர் என்று எழுதிக்கொள்வார், நான் அதையும் பாத்தாச்சு என்பேன். காலையில் என்ன நடந்தது. பதினாறு வரைக்கும் தொட்டுத்தான் பார்த்தேன். பதினேழுக்குக் குனிய வேண்டும், ஃபிளாப் இறக்கைக்கு அடியில் இருக்கிறது, ராத்திரி முழுக்கக் குனிந்த முதுகு, அண்ணன் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வாசித்தார், "பதினேழு, ரெண்டு ஃபிளாப்பையும் கட்டைவிரல் வெச்சு அமுக்கிப் பாரு, எதுத்து நிக்குதான்னு." குனியணும். நான் குனியாமலே பாத்தாச்சு என்றேன். குனியச் சோம்பல், அவ்வளவுதான் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் இல்லை. குனிந்தால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவர் இறக்கையைத் தூக்கக் குனிகிறார், இடது இறக்கையை, ஒன்றும் ஆகாததை, "அட, இது முழுசா இருக்குது பாரு," என்று சிரித்தபடியே.

"பதினேழுங்ணா," என்றேன்.

"என்ன பதினேழு?"

"அமுக்கிப் பாக்கச் சொன்னீங்க. நான் அமுக்கலீங்ணா."